காணாமல் போன குப்பை

கடற்கரையில் இரண்டு கிலோமீட்டரைப் பதினோரு வருடமாகக் கூட்டி வருகிறவளுக்குக் கரையக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது. அவளுடைய அதிகாரிக்குத் தராசு என்று பெயர். முதல் பெயரை எல்லோரும் முகத்துக்கு நேரே கூப்பிடுவார்கள், இரண்டாவதை முதுகுக்குப் பின்னால்.

தராசு என்று சும்மா சொல்லவில்லை. கடற்கரைத் தூய்மை அலுவலகத்தின் வாசலில் ஓர் எடைமேடை உண்டு. கூட்டுகிறவர்கள் தினமும் தங்கள் மூட்டையைக் கொண்டுவந்து அதன்மேல் போட வேண்டும். எழுத்தர் இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கிலோவைப் பதிவேட்டில் எழுதுவார். எடை கூடினால் நல்ல வேலைக்காரி, குறைந்தால் சோம்பேறி. கரையக்கா தன் பங்குக் கரையில் பாட்டிலை வீசுகிறவர்களைத் திட்டித் தீர்த்து, அவர்கள் கையாலேயே பொறுக்க வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். அதனால் அவள் மூட்டை எப்போதும் இளைத்துத்தான் இருக்கும். வருஷா வருஷம் சோம்பேறிப் பட்டமும் அவளுக்குத்தான். கரை நாறினால் பாராட்டும் பளிச்சென்று இருந்தால் திட்டும் கொடுக்கிற இடத்துக்குத் தூய்மை அலுவலகம் என்று பெயர் வைத்தவன் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும்.

கடல் காக்கும் நாள் என்று ஒன்றை அந்த அலுவலகம் கொண்டாடியது. பெரிய இடத்து விருந்தாளி ஒருவர் வந்து, கையுறை போட்டுக் குப்பை பொறுக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. முதல் நாளே கரையைத் துடைத்து வைக்கச் சொல்லி உத்தரவு. கரையக்கா துடைத்து வைத்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து பார்த்த தராசுவுக்கு முகம் செத்துப்போனது.

"என்னம்மா இது, ஒண்ணுமே இல்ல?"

"நீங்கதானே சார் சுத்தம் பண்ணச் சொன்னீங்க."

"சொன்னா? இப்படியா? அவர் வந்து எதைப் பொறுக்குவாரு, மண்ணையா?"

சான்றிதழில் எண்ணூறு கிலோ அகற்றப்பட்டது என்று ஏற்கெனவே அச்சடித்தாகிவிட்டது. அரை மணி நேரம் யோசித்து அந்த மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. கிடங்கில் கட்டி வைத்திருந்த மூட்டைகளில் எண்ணூறு கிலோவை நிறுத்து, பதிவேட்டில் எழுதி, கரையக்காவிடம் கையெழுத்து வாங்கி, சாக்கோடு சேர்த்துக் கரையெங்கும் பரப்பச் சொன்னார்கள். பொறுக்கிக் கட்டியதை அவிழ்த்துக் கொட்டுவது பதினோரு வருடத்தில் அவளுக்கு அதுவே முதல் தடவை.

"பதினோரு மணிக்குத் தண்ணி ஏறிடும் சார். முக்காவாசிக் கரை உள்ள போயிடும்."

"அவர் பத்துக்கே வந்துடுவாரு."

"வரலைன்னா?"

"வந்துடுவாருன்னு சொல்றேன்ல. கொட்டும்மா."

விருந்தாளி பன்னிரண்டரைக்கு வந்தார். கடல் மட்டும் நேரத்துக்கு வந்து, தன் வேலையை முடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கியிருந்தது. மேட்டில் ஒதுங்கிக் கிடந்த மிச்சத்தைப் பன்னிரண்டு பேர் குனிந்து பொறுக்கினார்கள். ஒரே பாட்டிலை விருந்தாளி ஒன்பது தடவை பொறுக்கினார், போட்டோவில் வயிறு தெரிந்துகொண்டே இருந்ததால். மொத்தம் அறுபத்திரண்டு கிலோ தேறியது. எண்ணூறு கிலோ சான்றிதழைக் கொடுத்துக் கை தட்டினார்கள். எல்லோரும் தட்டும்போது சும்மா நிற்க முடியாமல் கரையக்காவும் தட்டித் தொலைத்தாள்.

அதோடு விட்டிருந்தால் அது தராசு இல்லை. கிடங்கிலிருந்து வெளியே போனது எண்ணூறு, திரும்பியது அறுபத்திரண்டு, பதிவேடு உதைக்கிறதே! திங்கட்கிழமை அவள் கையில் மெமோவைக் கொடுத்தார்கள். அவள் பொறுப்பில் இருந்த எழுநூற்று முப்பத்தெட்டு கிலோ குப்பை காணாமல் போனதற்கு மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், தவறினால் வேலை போய்விடும்.

குப்பையைத் திருடியவள் என்று தன்னை ஒருத்தன் சொல்லுவான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் சிரிப்பு நின்றது. புருஷனும் கொழுந்தனும் ஒரு சின்னப் படகை வைத்துக்கொண்டு கரையோரமாகவே வலை போடுகிறவர்கள். மீன் கிடைக்கிற நாளைவிடக் கிடைக்காத நாளே அதிகம். அவளுடைய வேலை ஒன்றுதான் அடுப்பை அணையாமல் வைத்திருந்தது.

மறுநாள் தராசுவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். "கடல் எடுத்துட்டுப் போச்சுன்னு எழுதிடவா சார்?"

"ஐயையோ, அப்படி எழுதக் கூடாது. நம்ம கரையிலேர்ந்து கடலுக்கு ஒரு காகிதம்கூடப் போகலைன்னு வருஷா வருஷம் மேல எழுதி அனுப்பறோம்."

"அப்ப எங்க போச்சுன்னு எழுத?"

"அது உன் சாமர்த்தியம்."

படித்த முட்டாளிடம் பேசுவதற்குப் பதில் சுவரோடு பேசலாம் என்று வெளியே வந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் படகு கரைக்கு வந்தது. கொழுந்தன் தூரத்திலிருந்தே கத்தினான்.

"அண்ணி! உங்க ஆபீஸ் சரக்கு வந்திருக்கு. கையெழுத்து போட்டு வாங்கிக்கோங்க!"

வலை நிறையக் கிடந்தது. உறைகள், கயிறு, கிடங்கின் முத்திரை குத்திய சாக்குகள். மீன் என்று சொல்ல நாலைந்து. புருஷன் சாக்குகளை ஒதுக்கிக் காட்டினான். அடியில் ஓர் ஆமை செத்துக் கிடந்தது. வாயோரம் பிளாஸ்டிக் தாள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கரையக்கா அதைப் பிடித்து இழுத்தாள். வந்தது, வந்துகொண்டே இருந்தது, ஒரு முழத்துக்கு மேல் வந்தும் முடியவில்லை.

முட்டையிட வரும் ஆமைகளின் தடத்தைக்கூட மிதிக்காமல் சுற்றிப் போய்க் கூட்டுகிறவள் அவள். அந்தத் தாளை இதே கைதான் அவிழ்த்துக் கொட்டியது. தராசுவின்மேல் வந்த அருவருப்பு திரும்பித் தன்மேலேயே வந்தது. வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு கொட்டினாயே, நீயும் ஒரு மனுஷியா என்று கேட்டுக்கொண்டாள்.

ஆமையையும் சாக்குகளையும் தள்ளுவண்டியில் ஏற்றிப் புருஷனோடு அலுவலகத்துக்குப் போனாள். இருவருமாக ஆமையைத் தூக்கி எடைமேடையில் வைத்தார்கள். எழுத்தர் மூக்கைப் பிடித்தபடி முள்ளைப் பார்த்தார். சத்தம் கேட்டுத் தராசு வெளியே வந்தார். ஆமையைப் பார்த்தார், பிறகு முள்ளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"நாப்பத்தொண்ணு! எழுதிக்கோய்யா. மீட்ட குப்பை, நாப்பத்தொரு கிலோ. வண்டியில இருக்கிற சாக்கையும் போடு. இப்படியே வாராவாரம் கொண்டு வந்தா பதிவேடு நேராயிடும். பரவால்லம்மா, கெட்டிக்காரிதான் நீ. மெமோவைக் கிழிச்சுடறேன். இங்க ஒரு கையெழுத்து போடு."

"அது ஆமை சார்."

"எனக்குக் கண்ணு தெரியாதா? ஆமைக்குத் தனியா கட்டம் இல்லம்மா. குப்பைதான்."

புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "போட்டுடு. வீட்டு நிலைமையப் பாரு."

அவள் பார்க்காமல் இல்லை. பேனாவை வாங்கினாள். குப்பை என்ற சொல்லை அடித்தாள். அதன் கீழே, பள்ளிக்கூடத்தில் கற்ற குண்டு எழுத்தில், நிதானமாக எழுதினாள்: ஆமை ஒன்று. இந்த அலுவலகம் கடலில் விட்டதைத் தின்று செத்தது. கொட்டச் சொன்னவர் அதிகாரி. கொட்டியவள் நான். எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எட்டிப் படித்த எழுத்தர் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

தராசுவுக்குக் காது சிவந்தது. "நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

"சரிங்க."

வண்டியில் கிடந்த துடைப்பத்தையும் கையுறையையும் படியில் வைத்துவிட்டு, புருஷனைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். வெயில் ஏறியிருந்தது. வாசற்கதவைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா! இதை யாரு எடுக்கறது?"

அவள் நின்று திரும்பினாள்.

"குப்பைன்னு சொன்னது நீங்க. கூட்டுறவளை அனுப்பினதும் நீங்க. நாத்தம் எடுக்கறதுக்குள்ள ரெண்டு பேருமாத் தூக்கிடுங்க சார். நாப்பத்தொரு கிலோதான்."