வாசித்துச் சொன்னவள்

பெட்டிக்குள் கணவரின் கைக்கும் விலாவுக்கும் நடுவே அந்தப் பருத்த ஃபைலைத் திணித்துக்கொண்டிருந்தாள் சிவகலா. சுடலை மண்டபத்தில் நின்ற அறுபது பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் இன்னும் அழுத்தினாள்.

ஜெர்மன் பேசும் எம்மன்புரூக்கே ஊரில் தோட்டம் செய்கிற தமிழர்கள் அந்த ஃபைலை நோய்ப் புத்தகம் என்பார்கள். தக்காளி இலையில் புள்ளி விழுந்தாலும், கத்தரியில் புழு துளைத்தாலும், பாத்தியில் பேர் தெரியாத களை முளைத்தாலும் அதைத்தான் புரட்டுவார்கள். அவள் கணவர் நித்தியானந்தன் இருபது வருடமாக வாடிய இலைகளைக் காயவைத்து ஒட்டி, ஜெர்மன் துண்டுப்பிரசுரப் படங்களைப் பக்கத்தில் வெட்டி ஒட்டி, என்ன நோய், என்ன மருந்து என்று தமிழில் எழுதி வைத்த புத்தகம்.

தோட்டச் சங்கத்துச் சிவலிங்கம் கிட்ட வந்து, அதை எரித்தால் நாற்பது தோட்டம் கண் தெரியாமல் நிற்கும் என்றார். தனக்குத் தந்தால் பத்திரமாக வைத்திருப்பதாகவும் சொன்னார்.

"அவரின்ரை சாமான். அவரோடை போகட்டும்," என்றாள் சிவகலா.

அதில் ஒரு கடிதம் இருந்தது. அதை எடுக்க மூன்று நாளாக நேரம் தேடினாள்; துக்கத்துக்கு வந்தவர்கள் ஒரு நிமிடம் அவளைத் தனியே விட்டால்தானே.

சுவரோரமாக, குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றான் இரவீந்திரன், செத்தவரின் ஒரே தம்பி. ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு அவன்தான் முதல் வாய்க்கரிசி போடவேண்டும். ஐயர் தட்டை நீட்டியபோது அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"பொய் சொல்லி என்ரை மரத்தை வெட்டிவிச்ச ஆளுக்கு நான் அரிசி போடமாட்டன். ஊருக்காக வந்தனான், அவ்வளவுதான்."

ஆறு வருடத்துக்கு முந்திய கதை அது. இரவீந்திரனின் தோட்டத்துப் பேரி மரத்தில் கொப்புகள் கருகின. நித்தியானந்தன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஃபொயர்பிராண்ட் என்கிற தீக்கருகல் நோய் என்றார். பரவினால் சுற்றுவட்டாரத்து மரமெல்லாம் போய்விடும் என்ற பயத்தில் சங்கம் அன்றைக்கே மரத்தை வெட்டி எரித்தது. அண்ணனுக்குப் பொறாமை என்றான் தம்பி. நித்தியானந்தன் எரிக்குமுன் எடுத்து வைத்த ஒரு கொப்பை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்.

பதில் வந்தபோது, வழக்கமாகக் கடிதமும் துண்டுப்பிரசுரமும் வாசித்துக் கொடுக்கும் மகள் யாதவி ஜெனீவாவுக்குப் படிக்கப் போயிருந்தாள். நித்தியானந்தன் தொழிற்சாலையில் ஜெர்மன் கதைப்பார், வாசிக்க வராது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்து, அங்கே ஜெர்மன் வாசிக்கப் பழகியிருந்த சிவகலாதான் வாசித்தாள். தீக்கருகல் இல்லை, உறைபனியில் கருகிய கொப்பு என்று எழுதியிருந்தது. கக்கூஸ் கழுவுகிறவள் என்று இரவீந்திரன் சபை நடுவே தன்னைச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. இதைச் சொன்னால் இந்த மனிதர் இன்றைக்கே போய் அவனுடைய காலில் விழுவார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நோய்தானாம் என்றாள். நித்தியானந்தன் சந்தோஷப்படவில்லை. மரம் பாவம் என்று சொல்லிக்கொண்டே கடிதத்தை ஃபைலில் கோர்த்தார். அதன் பிறகும் வருடா வருடம் பொங்கலுக்குத் தம்பி வீட்டு வாசல்மணியை அடித்துவிட்டு, கதவு திறக்காமல் திரும்பி வந்தார்.

மண்டபத்துப் பணியாளர் வந்து, பிளாஸ்டிக்கும் இரும்பு வளையமும் உள்ளே போகக்கூடாது, காகிதம் மட்டும் என்றால் சரி என்றார். சிவகலா கையை எடுப்பதற்குள் யாதவி ஃபைலை உருவி, வளையத்தைத் திறந்து தாள்களைக் கழற்றத் தொடங்கிவிட்டாள். தமிழ்த் தாள்களுக்கு நடுவே தட்டச்சுத் தாள் ஒன்று வந்தது. அவள் வாசித்தாள். பிறகு திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள்.

"அம்மா, அப்பாக்கு இது தெரியுமோ?"

இல்லை என்று தலையாட்டினாள் சிவகலா.

"ஆர் வாசிச்சுச் சொன்னது?"

சிவகலா பெட்டியைப் பார்த்தாள். செத்துக் கிடக்கிற மனிதருக்குப் பொய்யன் என்ற பேர். அதைச் சுமந்துகொண்டு அவர் நெருப்புக்குள் போகப்போகிறார். அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தவள் அவள்.

"ரவி," என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "உம்மடை மரத்தில நோய் இல்லை. காயிதம் அப்பவே வந்தது. நான்தான் நோயெண்டு மாத்தி வாசிச்சனான். சாகுமட்டும் அவர் அதை நம்பினவர்."

யாதவி கடிதத்தைச் சித்தப்பாவிடம் கொடுத்தாள். இரவீந்திரன் அதை வாசிக்கவில்லை. குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுப் பெட்டியடிக்கு வந்தான். மூன்று தரம் அரிசி போட்டான். மூன்றாவது தரம் அண்ணனின் உதட்டிலிருந்து கையை எடுக்க அவனுக்குக் கனநேரம் சென்றது.

பிறகு தட்டை ஐயரிடமிருந்து தானே வாங்கி வரிசைக்குக் கொண்டுபோனான். யாதவி எடுத்துப் போட்டாள். சிவலிங்கம் போட்டார். பெண்கள் ஒவ்வொருவராகப் போட்டார்கள். சிவகலா வலது கையை நீட்டினாள். தட்டு அவளுக்கு முன்னால் நிற்காமல் அடுத்தவளிடம் போனது. ஐயர் எதையோ சொல்ல வாயெடுத்து, யாதவியைப் பார்த்தார். யாதவி தாள்களை அப்பாவின் கையருகே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அரிசி தீர்ந்தது. பணியாளர் பெட்டி மூடியைத் தூக்கினார். சிவகலாவின் கை நீட்டியபடியே இருந்தது.