ஸ்டீல் கிதார் வரும் இடம்

ரெக்கார்ட் பிளேயரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரொவீனா சபைப் படியேறியபோது, பிரசங்கியார் பிரதர் லயல் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"அது உள்ள வரக்கூடாதும்மா."

"பிரதர், சாகறதுக்கு முந்தின நாள் அப்பா என் கையப் பிடிச்சு வாங்கின சத்தியம். சவப்பெட்டிய மூடறதுக்கு முன்னாடி கார்வின் ஸ்டேட்ஸ் பாடின லாரிக்காரன் பாட்டு கேக்கணும்னு."

"உங்கப்பா டாயல் பொறந்ததுலேர்ந்து இந்த சபைதானே? இங்க பியானோகூடக் கிடையாது, அவருக்கே தெரியும். கர்த்தருக்கு மனுஷக் குரல் மட்டும்தான்."

தெரியாமலா? ஞாயிற்றுக்கிழமை வாத்தியமில்லாமல் தொண்டை கிழியப் பாடிவிட்டு, வண்டியில் ஏறியதும் அப்பா முதலில் ரேடியோவைத்தான் திருகுவார். டென்னசியின் அந்தப் பக்கத்தில் பாதி சபை அப்படித்தான்.

வாசல் கூடத்தில் கோட்டு மாட்டும் இடத்தருகே அப்பாவின் மர அறுவை மில் ஆட்கள் நின்றிருந்தார்கள். செத்தவரைப் பற்றிப் பேச வாய் வராமல் பாடகர் கார்வின் பேச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"குடிச்சவரைக்கும்தான்டா கார்வின் கார்வின். திருந்தினான், குரலும் போச்சு."

"அட போடா! மூணாவது பொண்டாட்டி ஓடினப்புறம்தான் அவன் பாட்டுல உசிரே வந்துச்சு."

"நம்ம ஊர்ச் சந்தையில பாடினப்ப மழை கொட்டுச்சே, ஞாபகமிருக்கா? அவனும் நிறுத்தல, நாமளும் எந்திரிக்கல."

ஹோபர்ட் மூக்கை உறிஞ்சினார். ஆயுசு முழுக்க அப்பாவோடு ஒரே ரம்பத்தில் நின்றவர், ஆயுசு முழுக்க அவரோடு சண்டை போட்டவர். "எல்லாம் சரி. அந்த லாரிக்காரன் பாட்டோட அவன் கெட்டான். அழுமூஞ்சிப் பாட்டு! இன்னிவரைக்கும் நான் அத முழுசாக் கேட்டதில்ல. டாயல் போட்டா எந்திரிச்சு வெளிய போயிடுவேன்."

"மாமா, இன்னிக்கு ஒரு நாளாவது வாய மூடுங்க," என்றாள் ரொவீனா. அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. பிளேயரைக் கோட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டுப் பிரசங்கியாரிடம் திரும்பினாள்.

"குரல்னா சரிதானே? அப்ப நானே பாடறேன்."

"சாராயக்கடைப் பாட்டாச்சேம்மா..."

"அதுல சொட்டுச் சாராயம் கிடையாது. ஒரு லாரிக்காரன் பொண்டாட்டிக்குப் போன் பண்றான். கதவத் தாழ் போடாத, வந்துட்டேயிருக்கேங்கறான். அவ்வளவுதான்."

"ஒண்ணு பாடவிட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"எங்கப்பா ஒரு தடவைதான் சாகறார், பிரதர்."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டார்.

ஜெபம் முடிந்ததும் ரொவீனா பெட்டியருகே போய் நின்றாள். அப்பாவுக்குத் தலையை யாரோ தப்பான பக்கம் வகிடெடுத்து வாரியிருந்தார்கள். கண்ணை அதிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாடத் தொடங்கினாள். சுமாரான குரல்தான். முதல் அடி நடுங்கியது, இரண்டாவது அடி நின்று நிலைத்தது. அது முடிந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

ரெக்கார்டில் அங்கே ஸ்டீல் கிதார் மட்டும் கொஞ்ச நேரம் இழுத்து இழுத்து வரும். சமையலறையில் அதோடு சேர்ந்து பாடிப் பாடிப் பழகியவள், அது வருமென்று காத்து நின்றுவிட்டாள். வரவில்லை. அது இல்லாமல் அடுத்த அடி எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. சத்தியம் பாதியில் போகப்போகிறது. யாரோ இருமினார்கள். பிரதர் லயல் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து மூக்கும் தொண்டையுமாக ஒரு முனகல் கிளம்பியது. ஹோபர்ட். எழுந்து நின்று, தொப்பியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, ஸ்டீல் கிதாரை வாயாலேயே இழுத்துக்கொண்டிருந்தார். ஏறுகிற இடத்தில் ஏறி, வழுக்குகிற இடத்தில் வழுக்கி, ஒரு வளைவுகூட விடாமல்.

மனுஷக் குரல்தான். பிரதர் லயல் மெல்ல உட்கார்ந்தார்.

கடைசி இழுப்பு முடிந்ததும் ஹோபர்ட் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். ரொவீனா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது அடியை எடுத்தாள்.