நல்லா இருக்கேன் என்றால் மூன்று கிலோமீட்டர்

எங்கள் ஊரில் ஒரு தெருவின் நீளத்தை அங்கே குடியிருக்கும் நோயாளிதான் சொல்ல வேண்டும். எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்கிறாரோ, தெரு அவ்வளவு நீளம். எங்கள் தெருவுக்கு நான்.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மூளை காலுக்கு அனுப்பும் செய்தி, நரம்பில் எங்கேயோ நின்று டீ குடித்துவிட்டுத்தான் போய்ச் சேரும். சில நாள் சேராது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பட்டுப்புடவையில் நன்றாகவே இருப்பேன்.

போன வருடம் தெரு நீளத்தைக் கேட்டுப் பதிகிற அலுவலர் கதிரேசன் வந்தபோது கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். காதுகுத்துக்கு வந்தவர்கள்.

“எப்படி இருக்கீங்க?” என்றார்.

“நல்லா இருக்கேன்” என்றேன். வேறென்ன சொல்வது? பந்தி நடந்துகொண்டிருந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து அட்டவணையை எடுத்துப் பார்த்தார். நல்லா இருக்கேன் என்றால் மூன்று கிலோமீட்டர். ஏதோ இருக்கேன் என்றால் ஒன்றரை. வாசலில் ஒரு சத்தம் கேட்டது. தெரு நீண்டுகொண்டிருந்தது.

வீடுகள் கூடவில்லை. இடைவெளிதான் கூடியது. தெருக்கோடியில் ரஷீதாவின் வீடு, பச்சைக் கதவு. அது கடுகளவாகி, பிறகு காணாமல் போனது. ரஷீதா பள்ளிக்கூட நாளிலிருந்து என் தோழி. போன் செய்தால் மணிச்சத்தம் பாதி வழியிலேயே களைத்துவிடும். ஒரு வருடமாக அவளைப் பார்க்கவில்லை. பலமுறை அழுதிருக்கிறேன்.

என் கணவர் தணிகாசலத்துக்கு மட்டும் பெருமை. “ஊர்லயே நீளமான தெரு நம்மளதுதான்” என்று பால்காரரிடம் சொல்வார். பால்காரர் கேனை இறக்கிவைப்பார். மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

இன்று கதிரேசன் மறுபடியும் வந்தார். தெரு எவ்வளவு நீளமானாலும் புறப்படுவதற்கு முன்பே வந்து சேர்கிறவர் அவர். அந்த வேலைக்கு அதுதான் தகுதி.

“எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கா சார்” என்றார் என் கணவர், காபியை நீட்டியபடி.

“நீங்க சொன்னா செல்லாது சார். கால் அவங்களோடது.”

“அப்ப டேப் வெச்சு அளந்து பாத்துக்குங்க.”

“நாங்க அளக்கிறதில்ல. கேப்போம். நீங்க சொல்லுங்கம்மா.”

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பச்சைக் கதவை நினைத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“காலையில அறுபது மீட்டர். வெயில் ஏறினா பத்து. வெந்நீர்ல குளிச்சா அதுவும் கெடையாது. நாளைக்கு எவ்வளவுன்னு எனக்கே தெரியாது.”

“ஒரே நம்பரா சொல்லுங்கம்மா.”

“கால் தெனமும் ஒரே மாதிரி இருந்தா சொல்லலாம்.”

அவர் அட்டவணையை இரண்டு பக்கமும் புரட்டினார். பிறகு அதை மடித்து டம்ளருக்கு அடியில் வைத்தார்.

“அப்படியே போட்டுக்கறேன்” என்றார். அவருக்கும் நிம்மதியாக இருந்தது போலிருந்தது.

“ஏண்டி இப்படி மானத்த வாங்குற?” என்றார் கணவர். அதற்குள் வெயில் ஏறிவிட்டது.

தெரு சுருங்கத் தொடங்கியது. மளிகைக் கடை வந்தது. தையற்கடை வந்தது. இஸ்திரி வண்டி எங்கள் படியில் இடித்து நின்றது. இஸ்திரிக்காரர் தலை நிமிராமல் சட்டையைத் திருப்பிப் போட்டார். இரண்டு வீட்டுத் துணிக்கொடிகள் பின்னிக்கொண்டதில் யார் வேட்டி எது என்று ஒரு பஞ்சாயத்து நடந்தது. பால்காரர் ஓடிவந்து என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கணவரும் சிரித்துவிட்டார்.

கடைசியாகப் பச்சைக் கதவு. எங்கள் வாசலை ஒட்டி வந்து நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தட்டுவதற்கு முன்பே திறந்தது.

“ஏண்டி இத்தன நாளா வரல?” என்றாள் ரஷீதா.

“தெரு நீளமா இருந்துச்சு.”

“யாரு சொன்னா?”

“நான்தான்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எப்படி இருக்க?”

“இடது கால் மரத்துப்போச்சு. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. நீயே ரெண்டு பேரா நிக்கிற.”

“ரெண்டு பேருக்கும் உம்மேல கோவந்தான். உக்காரு.”

இரண்டு ரஷீதாக்களும் உள்ளே போய் ஆளுக்கொரு டீ போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒன்றில் சர்க்கரை இல்லை. அவளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

நான் இரண்டையும் குடித்தேன்.