நாலு மாத ரிப்பேர்

லேத்துக்காரி வழக்கம்போல் கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, மூன்றாவது தடவை கயிற்றை இழுத்ததும் எஞ்சின் சீறிக்கொண்டு எழுந்தது. ஆயில் கலந்த பெட்ரோல் புகை ஷெட் முழுக்க நீலமாய்ப் பரவியது.

"பிணம் நடுவீட்டுல கிடக்கு, இங்க என்ன கூத்து?" கொழுந்தனார் வாசலில் நின்று கத்தினார்.

"நான்தான் ஓட்டச் சொன்னேன். நீங்க போங்க," என்றாள் செத்துப்போன சர்வேயரின் மனைவி.

உண்மையில் கேட்டவள் லேத்துக்காரிதான். "அக்கா, நாலு மணிக்கு எடுத்துடுவாங்க. அதுக்குள்ள ஒரே ஒரு தடவை. சார் காதுல விழட்டும்." வேண்டாமென்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். சொல்லப்போனால் அந்த வண்டி அணைவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க இவளுக்கும் ஆசைதான்.

சர்வேயர் ரிட்டையரான மறுமாதம் பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கி வந்த வண்டி. பருத்த டயர், நாலு சக்கரம், டூ ஸ்ட்ரோக் எஞ்சின். சிலிண்டரைக் கடைந்து போரிங் செய்துதர லேத் பட்டறையிலிருந்து வந்தவள்தான் இந்த லேத்துக்காரி. வந்தவள் வந்தவள்தான். பிஸ்டன் புதுசு, ரிங் புதுசு, கிராங்க் சீல் இரண்டு தடவை மாற்றியாயிற்று. ஆனாலும் தினம் சாயங்காலம் வண்டி இரண்டு நிமிடம் ஓடும், இருமும், அணைந்துவிடும். சமையலறை ஜன்னலில் ஒட்டுக் கேட்பவளுக்கு அந்த இருமல் தேனாக இனிக்கும். வேணும், நல்லா வேணும் என்று பாத்திரத்தைத் தேய்ப்பாள். முப்பத்தோரு வருஷத்தில் தன்னிடம் பேசாத பேச்சையெல்லாம் அந்த மனுஷன் ஷெட்டுக்குள் பேசித் தீர்த்தால் வயிறு எரியாதா? கார்புரேட்டரைப் பற்றித்தான் பேசினார். இருக்கட்டுமே! இவளிடம் அதைக்கூடப் பேசியதில்லை.

இப்போதும் எஞ்சின் இருமியது. அதே இருமல். அணைந்துவிட்டது.

லேத்துக்காரி தரையில் உட்கார்ந்து அழுதாள். "என் வேலைலதான்க்கா ஏதோ தப்பு. நாலு மாசமா கண்டுபிடிக்க முடியல. என்னை நம்பின மனுஷனை ஏமாத்திட்டேன்."

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, உங்க பக்கம் டேங்குக்கு அடியில பெட்ரோல் குழாய் இருக்கு பாருங்க. கைப்பிடி கீழ பார்த்து நின்னா திறந்திருக்குன்னு அர்த்தம்."

இவள் குனிந்தாள். கைப்பிடி குறுக்கே கிடந்தது.

மூடியிருக்கே என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். நேற்று வண்டி அணைந்ததும் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நேராக வீட்டுக்குள் வந்துவிட்டார். பின்னாலேயே லேத்துக்காரியும் ஓடிவந்தாள். இவள்தான் அவரைத் தாங்கிப் படுக்க வைத்தாள். அதற்குப் பிறகு ஷெட் பக்கம் யாரும் வரவில்லை. இந்தக் குழாயோரம்தான் அவருடைய ஸ்டூல். தினமும் இந்தக் கேள்வி ஜன்னல்வரை கேட்கும். "குழாய் திறந்திருக்கா சார்?"

"திறந்துதான் இருக்கும்மா."

நேற்றும் அதையேதான் சொன்னார். ஸ்டார்ட் பண்ணுவதற்காக தினமும் கார்புரேட்டரில் ஊற்றுகிற பெட்ரோல் எத்தனை நேரம் தாங்கும்? இரண்டு நிமிடம். ஒட்டுக் கேட்டுக் கேட்டே அது இவளுக்கும் தெரிந்துபோயிருந்தது.

அட பாவி மனுஷா! வண்டி ஓடிவிட்டால் அவள் வரமாட்டாளென்றா மூடி வைத்தாய்? இது தெரியாமல் ஒவ்வொரு இருமலுக்கும் உள்ளே நின்று சந்தோஷப்பட்டேனே!

"திறந்திருக்காக்கா?"

எதிரே அழுது வீங்கிய முகம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த முகம் மலர்ந்துவிடும். அவர் செத்துக் கிடக்கிற நாளில் இவள் அதையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"திறந்துதான் இருக்கு," என்றாள்.

லேத்துக்காரி ஸ்பானர்களைப் பையில் போட்டுக்கொண்டாள். கிளம்பியவள் தயங்கி நின்றாள். "சார் என் வேலையைப் பத்தி எப்பவாவது ஏதாவது சொன்னாராக்கா?"

அவர் ஒன்றும் சொன்னதில்லை.

"சொல்லுவாரே. உன் கைவேலைல ஒரு குறையும் கிடையாதுன்னு சொல்லுவார்."

அதைக் கொடுக்கலாம். மற்றதைக் கொடுக்க இவளுக்கு மனசு வரவில்லை.

லேத்துக்காரி கிரீஸ் கையோடு இவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதாள். பிறகு, "எதுக்கும் நான் ஒரு தடவை பார்த்துடறேன்," என்று வண்டியைச் சுற்றி வரப் பார்த்தாள்.

"நேரமாச்சு. போய் முகத்தைக் கழுவு," என்று இவள் டேங்கை ஒட்டி நகர்ந்து நின்றாள்.

கைப்பிடி இடுப்பில் குத்தியது. லேத்துக்காரி முற்றத்தைக் கடந்து வீட்டுக்குள் போகும்வரை அசையவில்லை.