நாற்பத்தொன்றாவது சுருக்கம்

1

முதலில் ஒரு குற்ற ஒப்புதல். சிறப்புக் கல்வி, குடும்ப ஆதரவு என்று கூட்டங்களுக்குப் போகும் பெற்றோர்களின் கையில் திணிப்பார்களே, பச்சை அட்டை போட்ட 'சுருக்கங்களை அறிவோம்' கையேடு, அதைத் தொகுத்தவன் நான்தான். நாற்பது சுருக்கங்கள், நாற்பது விரிவாக்கங்கள். த.க.தி. என்றால் தனிக் கல்வித் திட்டம். ப.து.கு. என்றால் பல்துறைக் குழு. தே.ம. என்றால் தேவை மதிப்பீடு. அதைப் படித்து யாருக்காவது ஏதாவது விளங்கியிருந்தால், அது என் கையை மீறி நடந்தது.

போன மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். 'இரண்டாம் பதிப்பில் ப.ஒ.ஆ. என்பதையும் சேர்க்கவும். விரிவாக்கம் இணைப்பில்.' இணைப்பைக் காணோம். போன் போட்டுக் கேட்டேன். ஒருவர் 'பள்ளி ஒருங்கிணைப்பு ஆணையம்' என்றார். இன்னொருவர் 'பயிற்சி ஒப்பீட்டு ஆய்வு' என்றார். மூன்றாமவர், "இதுகூடத் தெரியாமலா சார் புக்கு போடுறீங்க?" என்று என்னையே ஒரு பிடி பிடித்தார். கடைசியில் அந்தச் சுருக்கம் முதலில் வந்த கோப்பைத் தேடிப் பிடித்து, அதில் இருந்த பெற்றோர் எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு கேக் கடையில் எடுத்தார்கள். இந்தக் கதை அங்கே கிடைத்தது.

2

தொடங்கிப் பார்த்தவை:

'அந்தத் தாயின் கண்களில் ஒரு கடல் கொந்தளித்துக்' — கடலும் வேண்டாம், கிடலும் வேண்டாம். நேரில் போய்ப் பார்த்தேன். கண்ணில் தூக்கக் கலக்கம் இருந்தது, புருவத்தில் கொஞ்சம் சர்க்கரைப் பொடி. அவ்வளவுதான்.

'மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின்பால் சமுதாயம்' — இது கதை இல்லை, அடிக்கல் நாட்டு விழாப் பேச்சு.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கேக்கின் மேல் எழுத்து எழுதுகிறவள் ஒருத்தி. கடையில் அவளுக்குக் கிரீம் அக்கா என்று பெயர். அவள் மகளுக்கு எட்டு வயது. வீட்டில் சிட்டு. சிட்டுக்குப் பேச்சு குறைவு, சத்தம் ஆகவே ஆகாது. வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் துணை மிஸ் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சத்தம் கூடினால் சிட்டுவின் முதுகில் கையை வைப்பார். சிட்டு மறுபடியும் எழுதத் தொடங்கிவிடுவாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் ஆள் வேண்டும்.

துணை மிஸ் காய்ச்சலில் லீவு போட்ட ஒரே ஒரு நாள், சிட்டு வகுப்பிலிருந்து எழுந்து, கேட்டைத் தாண்டி, பஸ் போகும் சாலையின் நடுவில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒரு லாரிக்காரர்* பிரேக் போட்டதால்தான் இந்தக் கதையில் சிட்டு இருக்கிறாள்.

(*அவருக்குச் சுருக்கம் எதுவும் கிடையாது. அன்றைக்கு நேரத்துக்கு வேலை செய்த ஒரே துறை அவர்தான்.)

3

முதல் கூட்டம். ஒரு வகுப்பறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர், உளவியலாளர், குறிப்பெடுக்கும் அம்மாள், வந்து பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்ட ஒருவர். சிட்டுவின் அம்மாவுக்குக் கிடைத்தது முதல் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி நாற்காலி. முழங்கால் முகவாயில் இடித்தது.

"போன ப.து.கு.வுல தே.ம. பார்த்து, த.க.தி.யில சு.நோ.நே.கு. போட்டிருக்கோம்மா. சரிதானே?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

அவள் தலையாட்டினாள்.

ஏன் ஆட்டினாள் என்று யாரும் அவளைத் திட்ட வேண்டாம். அது தொழில் பழக்கம். கடைக்கு வருகிறவர்கள் போனில் பேசிக்கொண்டே, ரெண்டு கிலோ, முட்டை இல்லாம, நீலப் பூ, அஞ்சு மணிக்குள்ள என்று ஒரே மூச்சில் கொட்டுவார்கள். முதலில் தலையாட்ட வேண்டும், சந்தேகத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். இங்கே அந்தப் 'பிறகு' கிடையாது என்பது அவளுக்குத் தெரியாது.

சு.நோ.நே.கு. என்றால் 'சுயசார்பு நோக்கிய நேரக் குறைப்பு'. கையேட்டில் பன்னிரண்டாம் பக்கம். 'சுயசார்பு நோக்கிய' என்பது நான் போட்ட சொல். போட்ட அன்றைக்கு எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது, வெட்கக்கேடு. அதன் பொருள், அடுத்த மாதக் கடைசியோடு துணை மிஸ் கிடையாது.

பத்து நாள் கழித்துக் கூட்டக் குறிப்பு வீட்டுக்கு வந்தது. 'பெற்றோர் முழுமனதுடன் ஒப்புக்கொண்டார்.' மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர் அதை இரண்டு முறை படித்தார்.

"முழுமனசா ஒத்துக்கிட்டியாமே?"

"தலையைத்தான் ஆட்டினேன்."

"எதுக்கு ஆட்டினே?"

"எல்லாரும் ஆட்டினாங்க."

"எல்லாரும் கிணத்துல விழுந்தா நீயும்..." என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் அழ ஆரம்பித்திருந்தாள். தன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமலே பிள்ளையைச் சாலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம் என்று அழுதாள்.

4

[இந்த இடத்தில் ஒரு வில்லன் தேவை. ஒருங்கிணைப்பாளரை ஆக்கிப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. மனிதர் அவளுக்குத் தன் டீயைக் கொடுத்தவர். சிட்டு எந்தக் கலர் பென்சிலில் எழுதுவாள் என்று தெரிந்து வைத்திருப்பவர். அவர் மேசையில் நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். அவருக்கும் பாதிச் சுருக்கம் புரியாது, அதனால்தான் அவ்வளவு வேகமாகச் சொல்கிறார். மெதுவாகச் சொன்னால் மாட்டிக்கொள்வார். வில்லன் பதவி காலியாகவே இருக்கட்டும். வேறு ஆள் கிடைக்காவிட்டால் கையேடு போட்டவனைப் போட்டுக்கொள்ளுங்கள்.]

5

இரண்டாவது கூட்டம் அவளாகக் கெஞ்சிக் கேட்டு வாங்கியது. இந்த முறை தலையையே ஆட்டக் கூடாது என்று சபதம் எடுத்து, கழுத்துச் சுளுக்குப் பிடித்தவள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"சார், அவளுக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும் சார்."

"புரியுதும்மா. ஆனா சு.நோ.நே.கு. ஏற்கெனவே ஒப்புதலாயிடுச்சே."

"ஆள் இல்லேன்னா அவ எந்திரிச்சுப் போயிடுவா சார். ஒரு தடவை போயிட்டா."

"அதை ந.ப.யில ஏத்தியாச்சும்மா."

அவள் குறிப்பெடுக்கும் அம்மாளின் பேனாவைப் பார்த்தாள். அது அசையவே இல்லை. 'பக்கத்துல ஒரு ஆள்' என்று அவள் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் பேனா மேசையில் படுத்துக் கிடந்தது. ந.ப. (நடத்தைப் பதிவு) என்று அவர் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து எழுதியது.

அட, இதுதானா சங்கதி என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அரைக் கிலோ கேக்கில் எட்டு எழுத்துக்கு மேல் கொள்ளாது. 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று எழுதப் போனால் 'வாழ்த்து' தட்டில் வழியும். 'பி.வா.' என்று போட்டு ஒரு பூவை வைத்துவிடுவாள். வாங்குகிறவர்கள் யாரும் இதுவரை என்னவென்று கேட்டதில்லை. சுருக்குவது அவள் அன்றாடம் செய்யும் வேலை.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சரி சார். சு.நோ.நே.கு. இருக்கட்டும். ப.ஒ.ஆ. விஷயம் என்ன ஆச்சு?"

பக்கத்தில் ஒரு ஆள். அதன் முதலெழுத்துகள்தான், வேறொன்றுமில்லை. பேனா எழுந்துவிட்டது.

ஒருங்கிணைப்பாளர் உளவியலாளரைப் பார்த்தார். உளவியலாளர் கோப்பைப் பார்த்தார்.

"ப.ஒ.ஆ...." என்று இழுத்தார் உளவியலாளர். "ஆமா, அது நிலுவையிலதான் இருக்கு."

"பரிசீலனைக்கு அனுப்பிடலாம்மா," என்றார் ஒருங்கிணைப்பாளர்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் மட்டும் ஆட்டவில்லை.

6

பொய் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கு ஒரு வாரம் சாப்பாடே இறங்கவில்லை. (பொய்யா அது? இந்தக் கதையில் அதுவரை யாராவது உண்மையைச் சொல்லியிருந்தால் அது அந்த மூன்று எழுத்துதான் என்பது என் கட்சி.)

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. எனக்கு அதைக் காட்டினாள். கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள், இவ்வளவு துல்லியமாக எனக்குக் கற்பனை வராது:

'தங்கள் மகளுக்கான ப.ஒ.ஆ. தகுதி விரிவாக ஆராயப்பட்டது. தேவையான மதிப்பெண் எழுபது. பெற்றது அறுபத்திரண்டு. எனவே ப.ஒ.ஆ. வழங்க இயலாது. மேல்முறையீடு செய்யக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை.'

படித்துவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இல்லாத ஒன்றுக்குப் பரீட்சை வைத்து, எட்டு மார்க்கில் கோட்டை விட வைத்திருக்கிறார்கள்! நிமிர்ந்து பார்த்தால் எதிரில் இருந்தவள் சிரிக்கவில்லை.

"பக்கத்துல ஒரு ஆள் வெச்சுக்க எம் பொண்ணுக்குத் தகுதி இல்லையாம் சார்," என்றாள்.

துணை மிஸ்ஸுக்கும் அந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

7

முடிவுகள்.

அ) அலுவலகத்துக்கு உண்மை தெரிந்து, எல்லோரும் வெட்கித் தலைகுனிந்து, துணை மிஸ் திரும்பக் கிடைக்கிறார். எழுதிப் பார்த்தேன். நானே நம்பவில்லை.

ஆ) அவளே போய், "அது நானா வெச்ச பேருங்க" என்று ஒப்புக்கொள்கிறாள். 'பெற்றோர் ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பில் ஏறுகிறது. இது நடக்கக்கூடியது, அதனாலேயே எழுத மனம் வரவில்லை.

இ) அவள் மேல்முறையீடு செய்து

இதை முடிக்கும் முன்பே கடையின் பின்கட்டில் அவள் என் முன்னால் படிவத்தை விரித்துவிட்டாள்.

"நீங்க புக்கு போட்டவரு. சொல்லுங்க சார். இல்லாத ஒண்ணுக்கு நான் கையெழுத்துப் போடலாமா? தப்பாயிடாதே?"

"பார்க்கலாம்மா," என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அந்த அலுவலகத்தில் எல்லோரும் சொல்வது இதைத்தான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. படிவத்தின் முதல் கேள்வி: 'ப.ஒ.ஆ. இல்லாவிட்டால் குழந்தைக்கு என்ன ஆகும்?'

இரண்டு கூட்டம், மூன்று மதிப்பீடு, ஒரு வருடம். இந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்டதில்லை. இல்லாத ஒன்றுக்காக அச்சடித்த தாளில்தான் முதன்முதலாகக் கேட்டிருக்கிறார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, எதையும் சுருக்காமல் எழுதினாள்:

'அவள் பயப்படுவாள். பயந்தால் எழுந்து போய்விடுவாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெரிய ரோடு இருக்கிறது. என்னால் அங்கே நிற்க முடியாது, எனக்கு வேலை இருக்கிறது. யாராவது ஒருவர் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்.'

அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் இருக்கிறது. 'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்' என்று போட்டிருக்கிறார்கள். அதில் எதை எழுதினாலும் இந்தக் கதை முடிந்துவிடும். நாற்பது விரிவாக்கம் எழுதிய இந்தக் கையை நான் இனி நம்புவதாக இல்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. கட்டம் காலியாக இருக்கிறது, நீங்கள் எழுதுங்கள்.