தேங்காய்க் கிடங்கில் இடது காது

நொடிக்கூடை ஆப்பில் தேங்காய் வாங்குகிறவர்கள் தங்கள் இடது காதைக் காலை ஆறு மணிக்குள் வாசலில் வைத்துவிட வேண்டும். காதை மேல்பக்கமாக லேசாகத் திருப்பினால் வந்துவிடும். தோடு இருந்தால் கழற்றிக்கொள்ள வேண்டும். அதற்கெல்லாம் நிறுவனம் பொறுப்பேற்காது. சின்ன எவர்சில்வர் டப்பாவில் பஞ்சு பரப்பி, அதில் காதை வைத்து, நீலப் பையில் போட்டு வைத்தால் ஆள் வந்து எடுத்துப் போவான். பதினோரு மணிக்குத் தேங்காயும் காதும் சேர்ந்தே வீடு திரும்பும். காது கொத்தமல்லிக்கு அடியில் இருக்கும்.

முன்பு இப்படி இல்லை. ஆப்பில் வாங்கிய தேங்காயில் பாதி அழுகலாக வந்தது. ஜனங்கள் உடைத்த கையோடு படமெடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். நிறுவனம் தீபன் ராஜ் என்ற செயல்முறை மறுவடிவமைப்பு நிபுணரை வரவழைத்தது. அவர் மூன்று நாள் மார்க்கெட்டில் நின்று தேங்காய் வாங்குகிறவர்களைக் கவனித்தார். எல்லோரும் காயைத் தட்டினார்கள், காதருகே வைத்து ஆட்டினார்கள், அப்புறம்தான் விலை கேட்டார்கள். நான்காம் நாள் வெள்ளைப் பலகையில் ஒரு கட்டம் போட்டுத் தேங்காய் என்றும், இன்னொரு கட்டம் போட்டுக் காது என்றும் எழுதினார். தேங்காய் கிடங்கில் இருக்கிறது, காது வீட்டில் இருக்கிறது, கோளாறு இவ்வளவுதான் என்றார். இரண்டில் எடை குறைந்தது காது. ஆகவே அம்புக்குறியைக் காதிலிருந்து கிடங்குக்குப் போட்டார்.

உறையூரில் குடியிருந்த அமிர்தவல்லிக்கு இதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. கிடங்கில் காயைத் தட்டுவார்கள். அவள் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டு, போனில் ‘எடு’ அல்லது ‘வேண்டாம்’ என்று அழுத்துவாள். காது எங்கே இருக்கிறதோ அங்கே நடப்பதுதானே கேட்கும். அவளுக்கு ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து வலது காது அடைத்துப்போனது. இரண்டு காதின் வேலையையும் நாற்பது வருஷமாக இடது காது ஒன்றே பார்த்ததால் அது அபாரமான காதாக இருந்தது. முற்றின காய், இளங்காய், அழுகல், தண்ணீர் வற்றினது எல்லாம் ஒரே தட்டில் தெரிந்துவிடும். நான்கு மாதத்தில் அவள் ஒரு காயைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

அதுவே வினையாகிப் போயிற்று. தீபன் ராஜ் இரண்டாம் முறை வந்தார். கிடங்கின் அலமாரிகளில் தினமும் ஆயிரத்து எண்ணூறு காதுகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தார். ஒரே வேலையை ஆயிரத்து எண்ணூறு காதுகள் செய்வானேன் என்று கேட்டார். மறுநாள் எல்லோருடைய காதும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அமிர்தவல்லிக்கு மட்டும் கொத்தமல்லிக்கு அடியில் காது இல்லை. வாழ்த்துகள் என்று போனில் ஒரு செய்தி வந்திருந்தது. கூடவே பூத்தூவுகிற படம்.

அன்றிலிருந்து அவளுக்கு டொக் டொக் என்பதைத் தவிர உலகத்தில் ஒன்றும் கேட்கவில்லை. காலை ஆறுக்குத் தொடங்கினால் இரவு ஒன்பது வரை ஆயிரத்துச் சொச்சம் காய். ஒவ்வொன்றுக்கும் அவள் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாமல் விட்டால் அதே காயை இன்னும் பலமாகத் தட்டினார்கள். குளிக்கப் போகும்போதும் போனைப் பாலிதீன் பையில் சுற்றி எடுத்துப்போக வேண்டியிருந்தது. சாப்பாட்டில் கை வைத்தால் டொக். கண்ணை மூடினால் டொக். உயிரை வாங்குகிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டாள்; அந்தச் சத்தமும் அவளுக்குக் கேட்கவில்லை. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் சிரித்துக் கைகூப்பினார்கள். தேங்காய் அவ்வளவு நன்றாக இருந்ததாம்.

ஆப்பில் புகார் கொடுத்தாள். காது வரவில்லை என்று சொல்ல அதில் இடமில்லை. ‘பொருள் வரவில்லை’ என்பதை அழுத்தினாள். மறுநாள் பதினோரு மணிக்கு இணையான பொருள் என்று ஒரு காதை அனுப்பிவைத்தார்கள். கடுக்கன் போட்ட ஓட்டையும் ஓரமெல்லாம் முடியுமாகப் பெரிய ஆம்பிளைக் காது. போட்டுப் பார்த்தாள். அதில் முன்பே விழுந்திருந்த யாரோ ஒருவருடைய கேபிள் டிவி தகராறு மட்டும் கேட்டது. படமெடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

அவள் கணவர் இளங்கோவன் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் சோறு, சாவி, மழை, சரி என்பதற்கு மேல் அவர் பேசி அவள் கேட்டதில்லை. அதிலும் ஒரு கெட்ட பழக்கம். எங்கே போனாலும் அவளுக்கு வலது பக்கமாகத்தான் வருவார், வலது பக்கமாகத்தான் உட்காருவார். கேட்காத பக்கம் எது என்று தெரிந்தும் இந்த மனுஷன் இப்படிச் செய்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். காது கிடங்கில் தங்கிப்போன பிறகு அவர் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் ‘சோறு’ என்று எழுதிக் காட்டினார். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

இதையெல்லாம்கூட அவள் சகித்துக்கொண்டிருப்பாள். ஆனால் மகள் யாழினி பிரசவத்துக்கு வந்திருந்தாள். இருபதாம் தேதி என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். பேரனோ பேத்தியோ, வெளியே வந்ததும் அழுகிற முதல் அழுகையைக் கேட்க வேண்டும் என்பது அமிர்தவல்லியின் ஒரே ஆசை. யாழினி பிறந்தபோது இவளுக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். அன்றைக்குத் தவறவிட்டதை இன்றைக்கும் தவறவிட அவள் தயாராக இல்லை. பன்னிரண்டாம் தேதி பஸ் பிடித்துக் கிடங்குக்கே போய்விட்டாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள், பஞ்சு மெத்தைமேல் அவளுடைய காது இருந்தது. பெட்டியில் ஒரு வட்டமான துளை. துளைக்கு எதிரே ஒருவர் காயைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் போனை அழுத்திக்கொண்டே மேற்பார்வையாளர் சகாயராஜின் மேசைக்குப் போனாள்.

“சார், என் காதக் குடுத்துடுங்க.”

சகாயராஜ் எழுந்து, பன்னிரண்டடி நடந்து, கண்ணாடிப் பெட்டியின் துளையில் வாயை வைத்தார்.

“குடுக்கக் கூடாதுன்னு இல்லம்மா. காது உள்ள வர்றதுக்குத்தான் சார்ட்ல அம்புக்குறி இருக்கு. வெளிய போறதுக்கு இல்ல.”

“அப்ப ஒண்ணு போடுங்க.”

அவர் அதற்குள் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார். மறுபடி எழுந்து போனார்.

“அது தீபன் சார்தாம்மா போடணும். இருபத்தஞ்சாம் தேதி வர்றாரு.”

“என் பொண்ணுக்கு இருபதாம் தேதி பிரசவம். கொழந்த அழுவுறத நான் கேக்கணும்.”

இந்த முறை சகாயராஜ் பாதி வழியில் நின்று யோசித்தார். நல்ல மனுஷர். பிறகு துளைக்குப் போய், “காதுதானம்மா வெளிய போவக் கூடாது, சத்தம் உள்ள வரலாம்ல. பத்து நிமிஷத்துல டெலிவரி பண்ணிடலாம்,” என்றார்.

அந்த வாரமே ஆப்பில் அரிசி, பருப்பு, எண்ணெய் வகைகளுக்குக் கீழே ‘பேச்சு, சத்தம்’ என்று ஒரு புதிய பிரிவு வந்தது. குறைந்தபட்ச ஆர்டர் பத்து உருப்படி. பிடிக்காத வாக்கியத்தை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்பலாம். அமிர்தவல்லிக்காகக் கொண்டுவந்தது, ஆனால் காது வீட்டிலேயே இருந்த பெண்களுக்கும் அவரவர் கணவன்மார்கள் ஆர்டர் போடத் தொடங்கினார்கள். நேரில் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. டெலிவரி ஆள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவான். பெண்கள் பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். இளங்கோவன் அந்தப் பக்கமே போகவில்லை.

இருபதாம் தேதி பிற்பகல் யாழினியைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனார்கள். அமிர்தவல்லி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தேங்காய்க்கு பட்டன் அழுத்திக்கொண்டிருந்தாள். இளங்கோவன் வழக்கம்போல அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். மூன்றரை மணிக்கு நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பெண் குழந்தை. கண்ணை இறுக்கி, முஷ்டியை மடக்கி, உள்நாக்குத் தெரிய வாயைத் திறந்துகொண்டிருந்தது. அமிர்தவல்லிக்கு டொக் டொக் என்று கேட்டது. ‘வேண்டாம்’ என்று அழுத்தினாள். அழுகல் காய். அழுத்திவிட்டு அவளும் அழுதாள்.

இளங்கோவன் போனை நீட்டிக் குழந்தையின் அழுகையைப் பதிவுசெய்தார். கூடையில் போட்டார். ஒரு உருப்படி, இன்னும் ஒன்பது சேர்க்கவும் என்று வந்தது. இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு தர்மசங்கடம் அவருக்கு வந்ததில்லை. பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து, கட்டை விரலால் தட்டித் தட்டி எழுதினார். இரண்டு தடவை நிறுத்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அமிர்தவல்லியின் காதில் தட்டும் சத்தம் நின்றது. இரண்டு மாதத்தில் முதல்முறையாகப் பகல் வேளையில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“மேடம், டெலிவரி. பத்து உருப்படி.”

பீடி குடித்துக் கரகரத்த குரல். அந்தக் குரல் அழுதது. இழுத்து, மூச்சு முட்டி, விக்கி, மறுபடி இழுத்து, ஒரு குழந்தை எப்படி அழுமோ அப்படியே ஒழுங்காக அழுது முடித்தது. எதிரே நர்ஸின் கையில் குழந்தையின் வாயும் அதற்கேற்பத் திறந்து திறந்து மூடியது. பிறகு அந்தக் குரல் எண் போட்டு வாசித்தது.

“ரெண்டு. மூக்கு உன் மூக்கு. மூணு. தஞ்சாவூர் பஸ்ல குடையத் தொலச்சது நாந்தான், நீ இல்ல. நாலு. ரசம் நல்லா இருக்கும். அஞ்சு. தெனமும். ஆறு. உன் வலது பக்கம் உக்காந்து நான் நெறயப் பேசியிருக்கேன். ஏழு. கேக்காதுன்னு தெரிஞ்சுதான் பேசுனேன், இல்லன்னா எனக்கு வராது. எட்டு. அதுல திட்டுனது ஒண்ணு ரெண்டுதான். ஒம்போது. என்ன எழுதறதுன்னு தெரியல. பத்து. களச்சுப் போயிருப்ப, உக்காரு.”

கையெழுத்துப் போடச் சொல்லிப் போனில் வந்தது. அமிர்தவல்லி போட்டாள். அவள் எப்போது எழுந்து நின்றாளோ தெரியாது, உட்கார்ந்தாள். பெஞ்சின் கோடியில் அந்த முதுகு அசையாமல் இருந்தது. அந்த முதுகின்மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இருபத்தாறு வருஷம். திருப்பி அனுப்ப அவளுக்கு இருபத்து நான்கு மணி நேரம் இருந்தது. ஒன்றையும் அனுப்பவில்லை.

இருபத்தைந்தாம் தேதி தீபன் ராஜ் வந்து, வெளியே போகும் அம்புக்குறியைப் போட்டார். அன்றே பதினோரு மணிக்குக் கொத்தமல்லிக்கு அடியில் காது வந்தது. தேங்காய் நார் வாசம் அடித்தது. அவள் துடைத்து மாட்டிக்கொண்டாள். குக்கர் கேட்டது. பேத்தி சிணுங்கியது கேட்டது. கூடத்தில் நாற்காலியை இழுத்து, இளங்கோவனுக்கு நேராக இடது காது இருக்கும்படி போட்டு உட்கார்ந்தாள். அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவருடைய போனில் மணி அடித்தது.

வாழ்த்துகள் என்று செய்தி. இந்த மாதம் விநியோகமான நாற்பத்தோராயிரம் வாக்கியங்களில் ஒன்றுகூடத் திரும்பி வராதது இவருடைய ஆர்டர் ஒன்றுதானாம். ஆகவே இந்தப் பகுதியின் கணவன்மார்கள் அனைவருடைய பேச்சும் இனி இளங்கோவனின் நாக்கைக் கொண்டே செய்யப்படும். நாக்கை நாளைக் காலை ஆறு மணிக்குள் வாசலில் வைக்கவும். கூடவே பூத்தூவுகிற படம்.

“இவனுங்க இம்ச தாங்க முடியல,” என்றாள் அமிர்தவல்லி.

“சரி,” என்றார் இளங்கோவன்.

மறுநாள் ஐந்தரைக்கு அவர் பல் தேய்த்து வாய் கொப்பளித்தார். அவள் அதே எவர்சில்வர் டப்பாவைக் கழுவித் துடைத்துப் பஞ்சு பரப்பினாள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றாள். அவர் தலையாட்டினார். எழுந்து அவளுக்கு வலது பக்கமாக வந்து, அந்தக் காதருகே குனிந்து, ஐந்தே முக்கால்வரை பேசினார். மூச்சுக்காற்று கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. பிறகு நாக்கைக் கழற்றி டப்பாவில் வைத்தார். அவள் மூடி, நீலப் பையில் போட்டு வாசலில் வைத்தாள்.

பதினோரு மணிக்குத் தெருவுக்குள் டெலிவரி வண்டிகள் வந்தன. ஆட்கள் சூடு ஆறாத பைகளை ஒவ்வொரு வாசலிலும் வைத்து ஜிப்பைத் திறந்தார்கள். எல்லாப் பைகளிலிருந்தும் இளங்கோவனின் குரல் வந்தது.

“களச்சுப் போயிருப்ப, உக்காரு.”

தெரு முழுக்கப் பெண்கள் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் அமிர்தவல்லியின் இடது காதில் ஒவ்வொன்றாக விழுந்தது. ஒன்று பிளாஸ்டிக். ஒன்று இரும்பு. ஒன்றுக்கு ஒரு கால் குட்டை. அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.