கட்டுரையில் இறந்தவர்

கல்லூரியில் சேர விண்ணப்பக் கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்குப் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து உதவுவது என் வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் ஊமைக்கோட்டான் என்று நான் கூப்பிடும் அந்தப் பெண்ணின் கட்டுரையைப் படித்த அன்று மூக்கைச் சிந்தத்தான் நேரம் இருந்தது.

அவள் அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. தினமும் சீட்டி அடித்துக்கொண்டே மாடிப்படி ஏறுவார். சத்தம் கேட்டதும் இவள் ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். இப்போதும் சாயங்காலமானால் இவள் கதவருகே போய் நிற்கிறாள். அவ்வளவுதான் கட்டுரை. நான் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை. அன்றிலிருந்து அவளை அதட்டியதும் இல்லை. என் டிபன் டப்பாவில் பாதி அவளுக்குத்தான்.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் வந்தது. கட்டுரையை அனுப்பப்போகும் நேரத்தில் நூலக வாசலில் சீட்டிச் சத்தம் கேட்டது. எண்ணெய்க்கறைச் சட்டையோடு ஒருவர் நின்றார்.

"டீச்சருங்களா? பாப்பாவோட அப்பாங்க. மழை வர்ற மாதிரி இருக்கு, கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"சித்தப்பாவா?"

"இல்லீங்க, அப்பாதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தால் ஊமைக்கோட்டான் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னைப் பத்திதான் எழுதியிருக்கேன்னு சொன்னா. கொஞ்சம் படிக்கச் சொல்லுங்களேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் காதைத் திருகியிருப்பேன். டிபன் போனால் போகட்டும், நான் அழுத அழுகை! பொய்யை அனுப்ப விடமாட்டேன். வேறு யோசித்து எழுதவோ நேரமில்லை. இவள் சீட்டுக்கு என்ன வழி?

"படிடி" என்றேன்.

படித்தாள். சீட்டி வரைக்கும் குரல் வந்தது. அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். அதோடு நிறுத்திவிட்டாள்.

"அதுக்கு மேல?"

"உன்னைச் சாகடிச்சுட்டேன்ப்பா."

அவர் நாற்காலியோடு அவள் பக்கம் நகர்ந்தார்.

"எப்படி?"

"மாரடைப்பு."

"பரவால்ல, ரொம்ப இழுத்தடிக்காம முடிச்சுட்டே" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "ஏன் கண்ணு?"

"மத்தவங்களுக்கெல்லாம் பெரிய பெரிய கஷ்டம் இருக்குப்பா. நமக்கு ஒண்ணுமே நடக்கல. நீ தினமும் வீட்டுக்கு வர்றே, அவ்வளவுதான். அதை எழுதினா யாரு சீட்டு குடுப்பாங்க? நீ வராட்டி எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாத்தேன். எழுதும்போது நிஜமாவே அழுதேன். அன்னைக்குக் கதவைத் திறந்ததும் கட்டிப் புடிச்சேனே, ஞாபகம் இருக்கா?"

"புது ஃபோன் கேக்கப் போறியோன்னு நினைச்சேன்."

சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைக்க, கையிலிருந்த கறை கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்கும் மறுபடி மூக்கை உறிஞ்ச வேண்டியதாயிற்று. பாழாய்ப்போன குடும்பம், செத்தாலும் அழ வைக்கிறது, பிழைத்தாலும் அழ வைக்கிறது!

"போதும். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போற பேச்சே கூடாது" என்று அதட்டினேன். "இப்ப வாயைத் திறந்து சொன்னியே, அதை எழுது."

எழுதினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் கதவருகே நின்று, நூலகமாயிற்றே என்று சத்தம் வராமல் சீட்டி அடித்துக்கொண்டிருந்தார். நான் முதல் வரிகளைப் படித்தேன். இதிலும் ஒரு காற்புள்ளியைத் தொடவில்லை.

'என் அப்பாவை நான் கட்டுரையில் கொன்றுவிட்டேன். மழை வருகிறதென்று அவர் என்னைக் கூட்டிப்போக வந்தார்.'